அடுக்களைத் தரையில் திரவப் பெட்டி: ஒரு மாதம் பயன்படுத்திப் பார்த்ததில்

மார்த்தாண்டம் மேம்பாலத்துக்குக் கீழே உள்ள ஒரு ஸ்டேஷனரி கடையில் ஏப்ரல் கடைசியில் இந்தப் பெட்டியை வாங்கினேன். ‘திரவங்களோடு விளையாடு, 4 முதல் 8 வயது வரை’ என்று மேலே அச்சிட்டிருந்தது. 749 ரூபாய் போட்டிருந்ததை 680-க்குக் கொடுத்தார்கள். பேத்திக்கு ஐந்து வயது முடிந்திருக்கிறது. பக்கத்து வீட்டுப் பையன் ஏழு வயது, இரண்டாம் வகுப்பு முடித்தவன். பகல் முழுக்க அவனும் எங்கள் வீட்டில்தான். இந்த இரண்டு பேரும் நானும் சேர்ந்து ஒரு மாதம் இதைப் பயன்படுத்தியிருக்கிறோம். வாங்கலாமா என்று யோசிக்கிறவர்களுக்காக எழுதுகிறேன்.

நான் அரசு மேல்நிலைப் பள்ளியில் வேதியியல் ஆய்வக உதவியாளராக 28 வருஷம் இருந்து ஓய்வு பெற்றவன். பதினோராம் வகுப்புக்கு வரும் பிள்ளைகள் முதல்முறையாக பியூரெட்டை, திரவத்தைச் சொட்டுச் சொட்டாக அளந்து விடும் நீளக் கண்ணாடிக் குழாயை, கையில் வாங்கும் நாளை 28 தடவை பார்த்திருக்கிறேன். பாடத்தில் நூற்றுக்கு நூறு வாங்குகிற பிள்ளைக்கு ஒரு பீக்கரிலிருந்து இன்னொரு பீக்கருக்குச் சிந்தாமல் ஊற்றத் தெரியாது. டிராப்பரை அமுக்கிக்கொண்டே தண்ணீருக்குள் விட வேண்டுமா, விட்டபின் அமுக்க வேண்டுமா என்று தெரியாது. பதினாறு வயதில் அந்தக் கையைப் பழக்குவது கஷ்டம். ஐந்து வயதில் அது விளையாட்டு. அதனால்தான் பெட்டியைப் பார்த்ததும் கை தானாகப் பணத்தை எடுத்தது.

உள்ளே இருந்தவை: பிளாஸ்டிக் அளவு உருளை இரண்டு (ஒன்று ஒல்லி, ஒன்று குட்டை), டிராப்பர் நான்கு, மூடி போட்ட சோதனைக் குழாய் ஆறு, ஒரு புனல், ஒரு மீட்டர் கண்ணாடி டியூப் (பெயர்தான் கண்ணாடி, உள்ளே தெரியும் வளைகிற பிளாஸ்டிக்), சாயக் குப்பி மூன்று, 50 மில்லி கிளிசரின், உறிஞ்சு காகிதம், ஜெல்லி மணி ஒரு பாக்கெட், செய்முறை அட்டை 14. அட்டைகளில் ஒரு பக்கம் தமிழ், மறுபக்கம் ஆங்கிலம்.

ஜெல்லி மணியைப் பற்றி முதலிலேயே சொல்லிவிடுகிறேன். அதைப் பெட்டியைத் திறந்த அன்றே எடுத்து அப்புறப்படுத்தினேன். கடுகளவு இருக்கும் மணி தண்ணீரில் போட்டால் கோலி அளவுக்கு ஊதும். பார்க்க மிட்டாய் மாதிரி நிறம் நிறமாக இருக்கிறது. சின்னப் பிள்ளை ஒன்றை விழுங்கினால் அது குடலுக்குள்ளே போயும் அதேபோல ஊதும், குடலை அடைத்துவிடும். எக்ஸ்ரேயிலும் சுலபமாகத் தெரியாது. பல நாடுகளில் குழந்தைகள் அறுவை சிகிச்சை வரை போயிருக்கிறார்கள். நான்கு வயது என்று அட்டையில் போட்டுவிட்டு இதை உள்ளே வைத்தது பெரிய தவறு. வீட்டில் தவழும் குழந்தை இருந்தால் இன்னும் கவனம் வேண்டும். இந்தப் பெட்டி என்றில்லை, பேன்சி கடையில் தனியாக விற்கும் பாக்கெட்டுக்கும் இதையேதான் சொல்வேன்.

இனி நல்லதுக்கு வருகிறேன். நல்லதுதான் அதிகம்.

பெட்டியில் எனக்கு மிகவும் பிடித்தது அந்த இரண்டு உருளைகள். முதல் அட்டையே அதுதான்: ஒரே அளவு தண்ணீரைக் குட்டையிலும் ஒல்லியிலும் ஊற்று. பேத்தி குட்டை உருளையில் 50 கோடு வரை சிவப்புத் தண்ணீர் ஊற்றினாள். அதை அப்படியே ஒல்லி உருளைக்கு மாற்றினாள். தண்ணீர் இரண்டு மடங்கு உயரத்துக்குப் போனது. கண்ணை விரித்து, “பாட்டா, வெள்ளம் கூடிட்டு!” என்றாள். தண்ணீரை எங்கள் பக்கம் வெள்ளம் என்போம். பையனோ, “கூடல்ல, அது ஒல்லி, அதான்” என்றான். இரண்டு பேருக்கும் சண்டை.

இந்த இடத்தில் பெரியவர்கள் வாயை மூடிக்கொள்ள வேண்டும். சுவிட்சர்லாந்தைச் சேர்ந்த உளவியல் அறிஞர் ஜீன் பியாஜே குழந்தைகளிடம் இதையேதான் செய்து பார்த்தார். ஏழு வயதுக்குக் கீழே உள்ள பெரும்பாலான குழந்தைகள் உயரமான பாத்திரத்தில்தான் கூட இருக்கிறது என்பார்கள். அவர்களுக்குப் புத்தி குறைவு என்று அர்த்தமில்லை. உயரம், அகலம் இரண்டையும் ஒரே நேரத்தில் மனதில் பிடிக்க அந்த வயதில் வராது. “அப்படியில்லை மக்களே, இரண்டும் ஒண்ணுதான்” என்று நான் சொன்னால் அவள் தலையாட்டுவாள், நம்பமாட்டாள். நான் சொன்னது ஒன்றுதான்: “திருப்பி ஊத்திப் பாரு.” ஊற்றினாள். மறுபடி 50. திரும்ப ஒல்லிக்கு, திரும்பக் குட்டைக்கு. அன்று மத்தியானம் சாப்பிடக் கூப்பிடும்வரை, இருபது தடவைக்கு மேல் அதையே செய்தாள். அடுக்களைத் தரை முழுக்கச் சிவப்பு. முதல் ஐந்து தடவை சிந்தியது, கடைசி ஐந்தில் ஒரு சொட்டும் சிந்தவில்லை. உருளையைச் சாய்த்து விளிம்பை மற்றதன் விளிம்பில் ஒட்டவைத்து ஊற்றினால் சிந்தாது என்று அவளே கண்டுபிடித்துக்கொண்டாள். கூட இருக்கிறதா, இல்லையா என்ற கேள்விக்கு அவள் இன்னும் முடிவு சொல்லவில்லை. சொல்லட்டும், அவசரமில்லை.

ஆனால் அட்டையிலேயே விடை பெரிய எழுத்தில் இருக்கிறது. பையனுக்கு வாசிக்கத் தெரியும் என்பதால் செய்வதற்கு முன்பே விடையைப் படித்துவிடுகிறான். 14 அட்டையிலும் இதே கதை. இரண்டாம் நாளே ஒவ்வொரு அட்டையின் விடைப் பகுதியிலும் ஒரு காகிதத்தை ஒட்டிவிட்டேன். நீங்களும் அப்படிச் செய்யுங்கள். முதலில் என்ன நடக்கும் என்று இரண்டு பேரும் சொல்ல வேண்டும், அப்புறம்தான் ஊற்ற வேண்டும் என்பது எங்கள் வீட்டுச் சட்டம்.

உருளையில் ஒரு குறையும் உண்டு. பழைய பழக்கம், கோடு சரியா என்று பார்க்காமல் இருக்க முடியவில்லை. வீட்டில் கேக் செய்ய வாங்கிய டிஜிட்டல் தராசு இருக்கிறது. ஒரு மில்லி தண்ணீர் ஒரு கிராம் எடை இருக்க வேண்டும். ஒல்லி உருளையில் 50 கோடு வரை ஊற்றி நிறுத்தால் 46 கிராம்தான். குட்டையில் 49, அது பரவாயில்லை. கடையில் கொண்டுபோய்ச் சொன்னேன். மரியாதையாக வேறு உருளை எடுத்துக் கொடுத்தார்கள். அதுவும் 46. அச்சிட்ட இடத்திலேயே பிழை. பிறகு ஒரு வெள்ளை பிளாஸ்டர் பட்டையை நெடுக ஒட்டி, தராசை வைத்துப் பத்துப் பத்து கிராமாக ஊற்றி நானே கோடு போட்டேன். இரண்டு குழந்தைகளும் பக்கத்தில் உட்கார்ந்து ஒவ்வொரு கோட்டுக்கும் எண் சொன்னார்கள். அளவு என்பது எங்கிருந்து வருகிறது என்று அவர்கள் பார்த்ததில் எனக்குச் சந்தோஷம்தான். ஆனாலும் காசு வாங்கி விற்கிற பொருளில் கோடு சரியாக இருக்க வேண்டும்.

இப்போது என் மனதை உறுத்திய விஷயம். நான்காவது அட்டை, திரவ அடுக்கு. தேன், கிளிசரின், நீலத் தண்ணீர், எண்ணெய் நான்கையும் ஒன்றன்மேல் ஒன்றாக ஒல்லி உருளையில் ஊற்ற வேண்டும். தேனுக்கு எங்கள் ஊரில் பஞ்சமில்லை. ரப்பர் தளிர்விடும் காலத்தில் தேனீக்கள் அந்த இலைக்காம்பில் ஊறும் தேனைத்தான் எடுக்கின்றன. மார்த்தாண்டத்தில் விற்கும் தேனில் பெரும்பகுதி ரப்பர் தேன். அதை அடியில் ஊற்றினோம். கிளிசரினை உருளைச் சுவரோடு வழிய விட்டோம். நீலத் தண்ணீரை டிராப்பரால் சொட்டுச் சொட்டாக. மேலே தேங்காய் எண்ணெய். நான்கு நிறமும் பளிச்சென்று நின்றன. அதை ஜன்னலில் வெயில் படும்படி வைத்ததும் பேத்தி முட்டுக்குத்தி உட்கார்ந்து அசையாமல் பார்த்தாள்.

பையன் அட்டையை வாசித்தான்: “கெட்டியான திரவம் கீழே போகும், லேசான திரவம் மேலே நிற்கும்.” ஒட்டிய காகிதத்துக்கு வெளியே இந்த ஒரு வரி தப்பியிருந்தது. பேத்தி உருளையைப் பார்த்தாள், எண்ணெய்க் குப்பியைச் சாய்த்துப் பார்த்தாள். அப்புறம் கேட்டாள்: “பாட்டா, எண்ணெய்தான் வெள்ளத்தைவிடக் கெட்டியா இருக்கு? அப்ப எதுக்கு மேல கெடக்கு?”

அவள் கேட்டது சரி. அட்டைதான் தப்பு. தேங்காய் எண்ணெய் தண்ணீரைவிடப் பல மடங்கு கெட்டி. குப்பியைச் சாய்த்தால் தெரிகிறது, விரலில் தொட்டால் தெரிகிறது. ஆனால் ஒரு மில்லி எண்ணெயின் எடை 0.92 கிராம்தான். தண்ணீர் ஒரு கிராம். கிளிசரின் 1.26, தேன் கிட்டத்தட்ட 1.4. மேலே எது, கீழே எது என்பதை முடிவு செய்வது இந்த எடை. அதன் பெயர் அடர்த்தி. மெதுவாக ஓடுகிறதா வேகமாக ஓடுகிறதா என்பது வேறு குணம். அதன் பெயர் பாகுநிலை. இரண்டையும் ‘கெட்டி’ என்ற ஒரே சொல்லில் போட்டு அடைத்தால் குழந்தை குழம்பத்தான் செய்யும். பதினோராம் வகுப்பிலும் இந்தக் குழப்பத்தோடு வந்த பிள்ளைகளை எனக்குத் தெரியும். எங்கிருந்து அதைக் கொண்டுவந்தார்கள் என்று இப்போது புரிகிறது. ஆங்கிலப் பக்கத்தைத் திருப்பிப் பார்த்தேன், அங்கே சரியாகத்தான் இருக்கிறது. தமிழில் எழுதியவர் அசட்டையாக இருந்துவிட்டார். தமிழில் வாசிக்கிற குழந்தைக்குத் தப்பான பாடம் போவதை என்னால் சாதாரணமாக எடுத்துக்கொள்ள முடியவில்லை.

அவளுக்கு அடர்த்தி என்று நான் பாடம் எடுக்கவில்லை. ஒரே அளவான இரண்டு சோதனைக் குழாயை எடுத்து, ஒன்றில் எண்ணெய், ஒன்றில் தண்ணீர் நிரப்பி மூடித் தராசில் வைத்தேன். எண் எது பெரியது என்று அவளுக்குத் தெரியும். “வெள்ளம்தான் கனம்” என்றாள். “கெட்டி வேற, கனம் வேற” என்று பையன் சொன்னான். அதைவிடத் தெளிவாக அந்த அட்டையில் எழுதியிருக்க முடியாது. வாங்குகிறவர்கள் நான்காவது அட்டையில் ‘கெட்டியான’ என்பதை அடித்துவிட்டு ‘கனமான’ என்று எழுதிக்கொள்ளுங்கள். ஒரே அளவு எடுத்தால் எது கனம் என்று கேட்க வேண்டும் என்பதையும் சேர்த்துக்கொள்ளுங்கள்.

அதே அட்டையில் இன்னொன்று. ‘இந்த நான்கும் ஒன்றோடொன்று கலக்காது’ என்று போட்டிருக்கிறது. உருளையை நாங்கள் கொட்டாமல் ராத்திரி அப்படியே விட்டோம். காலையில் நீலம் கிளிசரினுக்குள் இறங்கியிருந்தது, எல்லைக்கோடு மங்கிவிட்டது. மூன்றாம் நாள் எது தண்ணீர் எது கிளிசரின் என்று சொல்ல முடியவில்லை. எண்ணெய் மட்டும் அசையாமல் மேலேயே. கிளிசரினும் தேனும் தண்ணீரில் கரைகிறவை. மெதுவாக ஊற்றினதால் கொஞ்ச நேரம் தனித்தனியாக நின்றன, அவ்வளவுதான். எண்ணெய் கலக்கவே கலக்காது. கொட்டாமல் வைத்ததால்தான் இது தெரிந்தது. தினமும் காலையில் பல் தேய்க்கும் முன்பே இரண்டு பேரும் ஜன்னலுக்கு ஓடினார்கள்.

பாகுநிலைக்குப் பெட்டியில் உள்ள அட்டை சுமார். ஒரு சாய்ந்த தட்டில் மூன்று திரவத்தை ஓடவிடச் சொல்கிறது. நாங்கள் அதை வாழையிலையில் செய்தோம். இலையின் ஒரு முனையைச் செங்கல்மேல் தூக்கி வைத்து, தண்ணீர், தேங்காய் எண்ணெய், தேன் மூன்றிலும் ஒவ்வொரு டிராப்பர். தண்ணீர் உருண்டு விழுந்தது, எண்ணெய் பின்னால் வழிந்தது, தேன் நடுவழியில் நின்று யோசித்துக்கொண்டிருந்தது. அப்புறம் தேன் குப்பியைப் பத்து நிமிஷம் வெந்நீரில் வைத்து மறுபடியும். இந்தத் தடவை தேன் ஓட்டமாக ஓடியது. சூடு ஏறினால் திரவம் இளகும் என்பதற்கு வேறு பாடம் தேவையில்லை. இதே வாரத்தில் பனையேறி அண்ணன் வீட்டில் அக்கானி (பதநீர்) காய்ச்சுவதைக் காட்டக் கூட்டிக்கொண்டு போனேன். காலையில் தண்ணீர் போல இருந்தது, கொதிக்கக் கொதிக்கப் பாகாகி, கடைசியில் சிரட்டையில் (கொட்டாங்குச்சியில்) ஊற்றினால் கட்டியாக உட்காருகிறது. நீர் போகப் போகத் திரவம் எப்படி நடை மாற்றுகிறது என்று ஒரே அடுப்பில் முழுக்கப் பார்த்தார்கள். அதுவரை கருப்பட்டி கடையில் விளைகிறது என்று பேத்தி நினைத்திருந்தாளாம்.

பனிக்கட்டி அட்டைதான் எங்கள் வீட்டில் சரியாக வரவில்லை. காரணம் எங்கள் ஊர்தான். ‘சமையல் எண்ணெயில் ஒரு பனிக்கட்டியைப் போடு, உருகும் துளிகள் கீழே இறங்குவதைப் பார்’ என்கிறது. எங்கள் வீட்டுச் சமையல் எண்ணெய் தேங்காய் எண்ணெய். அது 24 டிகிரிக்குக் கீழே போனாலே உறையும். பனிக்கட்டியைப் போட்டதும் அதைச் சுற்றி எண்ணெய் வெள்ளையாக உறைந்து போர்வை போர்த்திவிட்டது. துளியும் இல்லை, ஒன்றும் இல்லை. அட்டை எழுதியவர் குமரி மாவட்டத்து அடுக்களையை நினைத்துப் பார்க்கவில்லை. நல்லெண்ணெயை மாற்றிச் செய்தபோது அழகாக வந்தது. பனிக்கட்டி மிதந்தும் மிதக்காமலும் தொங்கியது, கீழ்ப்பக்கத்தில் கண்ணீர்த்துளி மாதிரி தண்ணீர் திரண்டு, நீண்டு, அறுந்து, எண்ணெய்க்குள்ளே உருண்டையாக மெதுவாக இறங்கி அடியில் மற்றதோடு சேர்ந்தது. சாயம் கலந்த பனிக்கட்டி என்றால் இன்னும் தெளிவு. பெட்டியில் உள்ள 14-ல் இதைத்தான் நான் முதலில் வைப்பேன்.

ஆனாலும் தேங்காய் எண்ணெய் உறைந்தது வீண் போகவில்லை. கொஞ்சம் எண்ணெயைப் பிரிட்ஜில் வைத்துக் கட்டியாக்கி, ஒரு ஸ்பூன் எடுத்து உருகிய எண்ணெயில் போட்டோம். அடியில் போய்விட்டது. பக்கத்தில் தண்ணீர்க் குவளையில் பனிக்கட்டி மிதக்கிறது. “ஐஸ் மிதக்கு, எண்ணெய்க் கட்டி எதுக்கு முங்குது?” என்று பையன் திகைத்தான். உறையும்போது சுருங்குவதுதான் பெரும்பாலான திரவங்களின் வழக்கம். தண்ணீர் ஒரு விதிவிலக்கு, அது உறையும்போது விரிகிறது, அதனால் மிதக்கிறது. இந்த ஒப்பீடு பெட்டியில் இல்லை. தேங்காய் எண்ணெய் ஊற்றிச் சமைக்கும் ஒவ்வொரு வீட்டிலும் செய்யலாம், செலவே இல்லை.

முட்டை மிதக்கும் அட்டை எல்லோருக்கும் தெரிந்தது. ஒரு கிளாஸ் தண்ணீரில் மூன்று மேசைக்கரண்டி கல்லுப்பு கரைத்தால் புது முட்டை மேலே வரும். சாமித்தோப்புப் பக்கம் உப்பளங்களைப் பஸ்ஸில் போகும்போது பார்த்திருக்கிறார்கள், வெள்ளைக் குவியலை ஞாபகம் வைத்திருந்தார்கள். அதனால் பேத்தி உடனே கேட்டாள், கடலில் முட்டை மிதக்குமா என்று. எனக்கு விடை தெரியும். ஆனாலும் குளச்சலுக்கு மீன் வாங்கப் போன அன்று ஒரு லிட்டர் பாட்டிலில் கடல் தண்ணீர் கோரிக்கொண்டு வந்தேன். போட்டுப் பார்த்தோம், முங்கிவிட்டது. கடல் தண்ணீரில் லிட்டருக்குச் சுமார் 35 கிராம்தான் உப்பு. முட்டையைத் தூக்க அதைப்போல மூன்று மடங்குக்குமேல் வேண்டும். அதே பாட்டில் தண்ணீரில் ஸ்பூன் ஸ்பூனாக உப்பு போட்டு எப்போது எழும்புகிறது என்று எண்ணிக்கொண்டே இருந்தார்கள். முட்டை முதலில் அடியில் நட்டுக்குத்தலாக நின்றது, பிறகு ஆடியது, பிறகு தரையை விட்டது. அந்த ஆடுகிற நொடியில் இரண்டு பேரும் மூச்சை அடக்கிக்கொண்டார்கள். முட்டை பழையது என்றால் உள்ளே காற்றறை பெரிதாகி வெறும் தண்ணீரிலேயே எழும்பும். புது முட்டையாகப் பார்த்து எடுங்கள்.

பரப்பு இழுவிசைக்கு, அதாவது தண்ணீரின் மேற்பரப்பு ஒரு தோல் போல இழுத்துப் பிடித்து நிற்கும் குணத்துக்கு, மூன்று அட்டை இருக்கிறது, மூன்றும் அருமை. ஐந்து ரூபாய் நாணயத்தின்மேல் டிராப்பரால் எத்தனை சொட்டு நிற்கும் என்பது ஒன்று. பத்து என்றாள் பேத்தி, இருபது என்றான் பையன். 34 சொட்டு வரை தண்ணீர் கண்ணாடி போலப் புடைத்து நின்றது, 35-ல் வழிந்தது. பக்கவாட்டில் கண்ணை வைத்துப் பார்க்கச் சொன்னேன். நாணயத்தின் விளிம்பைத் தாண்டியும் தண்ணீர் விழாமல் வளைந்து நிற்பதை அப்படித்தான் பார்க்க முடியும். டிராப்பர் நுனியில் கொஞ்சம் சோப்புத் தண்ணீர் எடுத்துச் செய்தபோது 15-க்கே வழிந்தது. சோப்பு அந்தத் தோல் போன்ற இழுப்பைப் பாதி அளவுக்கும் கீழே குறைத்துவிடுகிறது.

இதற்குத் தொடர்ச்சியாகச் சேம்பிலையை நாங்களே சேர்த்துக்கொண்டோம். எங்கள் கிணற்றடியில் சேம்பு மண்டிக் கிடக்கிறது. நான் சின்ன வயதில் பள்ளிக்கூடம் போகும் வழியெல்லாம் சேம்பிலையில் தண்ணீரை உருட்டிக்கொண்டே போனவன். பேத்தி அன்றுதான் முதல்முறையாக உருட்டினாள். இலையை ஆட்டினால் தண்ணீர் பாதரசம் மாதிரி உருண்டையாக ஓடுகிறது, இலை நனையவே இல்லை. இலையின் மேல் கண்ணுக்குத் தெரியாத மெழுகு மேடுகள், அவற்றின் நடுவில் காற்று. அதன்மேல்தான் தண்ணீர் நிற்கிறது. பக்கத்தில் ஒரு பலா இலையையும் வைத்து ஒப்பிடச் சொன்னேன். அங்கே துளி தட்டையாகப் பரவியது. பெட்டிக்காரர்கள் ஒரு சேம்பிலையை உள்ளே வைத்து அனுப்ப முடியாது, சரி. ஆனால் ‘உங்கள் தோட்டத்து இலைகளில் செய்து பார்’ என்று ஒரு வரி எழுதியிருக்கலாம்.

உறிஞ்சு காகிதம் மட்டமானது. தண்ணீர் ஏறுவதற்குள் கிழிகிறது. எங்கள் வீட்டுப் பழைய துவர்த்தில் (துண்டில்) ஒரு கீற்றுக் கிழித்து, நிறத் தண்ணீர்க் குவளையிலிருந்து காலிக் குவளைக்குப் பாலம் போட்டோம். ஒரு மணி நேரத்தில் சொட்டத் தொடங்கியது. வாளியில் துவர்த்தின் நுனி கிடந்தால் தரை நனைந்துவிடுகிறது என்று வீட்டில் அடிக்கடி சொல்வோம், அதுவும் இதுவும் ஒன்றுதான் என்று பையனே சொன்னான்.

கண்ணாடி டியூப்புக்கு ஓர் அட்டைதான் இருக்கிறது, வீணடித்துவிட்டார்கள். டியூப்பில் நிறத் தண்ணீர் நிரப்பி இரண்டு முனையையும் தூக்கிப் பிடித்தால் இரண்டு பக்கமும் ஒரே மட்டத்தில் நிற்கும். ஒன்றை உயர்த்து, தாழ்த்து, மட்டம் மாறாது. பக்கத்தில் வீடு கட்டும் கொத்தனார் சுவருக்கு மட்டம் பார்க்க இதே டியூப்பைத்தான் வைத்திருக்கிறார். அவரிடம் கூட்டிக்கொண்டு போனேன். அவர் ஒரு முனையைப் பையன் கையில் கொடுத்து, இந்தச் சுவரிலிருந்து அந்தச் சுவருக்கு மட்டம் எடுத்துப் பென்சிலால் கோடு போட வைத்தார். அடுத்த ஞாயிற்றுக்கிழமை மாத்தூர் தொட்டிப்பாலத்துக்கு நடந்தோம், எங்களுக்குப் பக்கம்தான். பறளியாற்றுப் பள்ளத்துக்குமேல் 115 அடி உயரத்தில் ஒரு மலையிலிருந்து அடுத்த மலைக்குத் தண்ணீர் மோட்டார் இல்லாமல் போகிறது. தொட்டியில் தண்ணீர் எந்தப் பக்கம் ஓடுகிறது என்று ஓர் இலையைப் போட்டுப் பார்த்தார்கள். அந்தப் பக்கம்தான் கொஞ்சம் தாழ்வு என்று இரண்டு பேரும் சேர்ந்து முடிவுக்கு வந்தார்கள்.

ஒரு எச்சரிக்கையும் சொல்ல வேண்டும். கோடை மழைக்கு அப்புறம் எங்கள் பக்கம் ரப்பர் மரத்தில் பால்வெட்டு தொடங்கிவிட்டது. சிரட்டையில் வடிந்த ரப்பர் பாலைக் காட்டினேன், அது குழந்தைகளுக்கு நல்ல பாடம். காலையில் பாலாக இருப்பது சிரட்டையில் கிடந்தே உறைகிறது. ஆனால் ரப்பர் ஷீட் அடிக்க அதை உறையவைக்கும் ஆசிட்டை ஒருபோதும் குழந்தை எட்டும் இடத்தில் வைக்கக் கூடாது. பார்மிக் ஆசிட் தோலைப் பொசுக்கும், கண்ணில் பட்டால் பார்வைக்கே ஆபத்து. அதைத் தண்ணீர்ப் பாட்டிலிலோ கலர் பாட்டிலிலோ ஊற்றி வைக்கும் பழக்கம் நம் ஊரில் உண்டு. திரவங்களோடு விளையாடப் பழகிய குழந்தை எந்தப் பாட்டிலையும் திறக்கும். மண்ணெண்ணெயும் அப்படித்தான். பெட்டியை வாங்குகிற அன்றே வீட்டைச் சுற்றி ஒரு தடவை பார்த்து இவற்றை மேலே ஏற்றிவிடுங்கள். உறைவதைக் காட்ட அடுப்பில் ஒரு கிளாஸ் பசும்பாலும் அரை எலுமிச்சையும் போதும். எங்கள் வீட்டில் ‘நாம் பரிசோதிப்பது குடிக்கிற பொருளாக இருந்தாலும், பரிசோதித்த பின் வாயில் வைக்கக் கூடாது’ என்பதைத் தினமும் தொடங்கும் முன் இரண்டு பேரும் சத்தமாகச் சொல்ல வேண்டும்.

விலைக்குத் தகுதியா என்று கேட்டால், சாயமும் கிளிசரினும் மருந்துக்கடையிலும் மளிகைக்கடையிலும் நூறு ரூபாய்க்குள் கிடைக்கும். டிராப்பர் நான்கும் தரமானவை, ஒரு மாதம் அமுக்கியும் ரப்பர் குமிழ் விரியவில்லை. சோதனைக் குழாய் மூடிகள் ஒழுகுவதில்லை. குட்டை உருளை சரி, ஒல்லி உருளை கோடு தப்பு. அட்டைகளின் படங்கள் தெளிவு, தமிழ் அவசரத் தமிழ். சாமான்களை வீட்டிலேயே சேர்க்க நேரமும் பொறுமையும் உள்ளவர்கள் டிராப்பரையும் ஓர் உருளையையும் மட்டும் தனியாக வாங்கினால் போதும். வேலைக்குப் போய்விட்டு சனிக்கிழமை மட்டும் குழந்தையோடு உட்கார முடிகிறவர்களுக்கு 680 ரூபாய் அதிகம் என்று சொல்லமாட்டேன். எல்லாம் ஓரிடத்தில் இருந்தால்தான் அன்றைக்குக் காரியம் நடக்கும். ஐந்துக்கு மூன்றரை கொடுப்பேன். நான்காவது அட்டையைத் திருத்தி, ஜெல்லி மணியை நீக்கினால் நாலரை.

நான்காவது அட்டை பற்றிப் பெட்டியில் இருந்த முகவரிக்கு ஒரு கடிதம் எழுதிப் போட்டிருக்கிறேன், தராசுக் கணக்கும் சேர்த்து. பேத்தி அதன் அடியில் ஓர் உருளை வரைந்து, மேலே மஞ்சளும் கீழே நீலமுமாக நிறம் தீட்டி அனுப்பியிருக்கிறாள். பதில் வந்தால் இங்கேயே சேர்த்து எழுதுகிறேன்.